நெல்லைக் காக்கும் பூனைக்குப் பால் சோறு போதாது

கறவை மாட்டுக்கு அடர்தீவனம் எவ்வளவு, பசுந்தீவனம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் போடுகிறோம். நாட்டுக்கோழிக்குக் குருணையும் கம்பும் இறைக்கிறோம். வெள்ளாட்டுக்கு எந்தக் குழை ஆகும், எது ஆகாது என்பது வீட்டில் உள்ள சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால், வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும் பூனைக்கு என்ன தீனி வைக்கிறீர்கள் என்று கேட்டால், "அதற்கென்று தனியாக என்ன இருக்கிறது? மீந்த சோற்றில் கொஞ்சம் பாலை ஊற்றி வைப்போம். மிச்சத்துக்கு எலி பிடித்துக்கொள்ளும்" என்பதே பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில்.

இதனால் வரும் இழப்பை நாம் கவனிப்பதில்லை. பூனையின் முடி சொரசொரப்பாகிறது, முதுகெலும்பு துருத்துகிறது. நாலு குட்டி போட்டால் இரண்டு தேறுவதில்லை. கடுவன் பூனை ஒருநாள் சிறுநீர் கழிக்க முடியாமல் முனகி முனகிச் செத்துப்போகிறது. "பூனை என்றால் அப்படித்தான், இரண்டு மூன்று வருடம் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஒழுங்கான தீனியும் பராமரிப்பும் கிடைத்தால் 12 முதல் 15 ஆண்டு வரை வாழக்கூடிய பிராணி அது. பூனை போன மறுமாதம், விதைநெல் மூட்டையிலும் கடலை மூட்டையிலும் சுண்டெலி ஓட்டை போடத் தொடங்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

பூனைக்கு வரும் தொல்லைகளில் பல அதன் தட்டிலிருந்து தொடங்குகின்றன. அவற்றை அதிகச் செலவில்லாமல் தடுக்கவும் முடியும். எப்படி என்று பார்ப்போம்.

பசித்த பூனைதான் எலி பிடிக்குமா?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். "வயிறு நிறைய வைத்தால் பூனை எலி பிடிக்காது" என்று சொல்லி, வேண்டுமென்றே பட்டினி போடுபவர்கள் உண்டு. பூனைக்கு வேட்டை உணர்வும் பசியும் ஒன்றல்ல. 1976ல் ராபர்ட் ஆடமெக் என்ற ஆராய்ச்சியாளர், பூனைகள் விருப்பமான தீனியைத் தின்றுகொண்டிருக்கும்போது அருகில் உயிருள்ள எலியை விட்டுப் பார்த்தார். அவை தீனியை அப்படியே விட்டுவிட்டு எலியைக் கொன்றன. கொன்ற எலியைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து போட்டுவிட்டு, மறுபடி தட்டில் இருந்ததைத் தின்றன.

நல்ல தீனியால் வேட்டை கொஞ்சம்கூடக் குறையாது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2021ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் அதிகமுள்ள தீனி கிடைத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. குறைந்ததே தவிர, நின்றுவிடவில்லை. விவசாயிக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: பூனை எங்கே வேட்டையாடுகிறது?

இங்கிலாந்தின் சூழலியல் அறிஞர் சார்லஸ் எல்டன், பண்ணைகளில் பூனை எலியை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் கவனித்து 1953ல் எழுதினார். எலி ஏற்கெனவே பெருகிவிட்ட இடத்தைப் பூனையால் சுத்தம் செய்ய முடியவில்லை. எலியை வேறு வழியில் ஒழித்துவிட்டு, பூனைகளுக்குப் பால் வைத்துப் பண்ணை வீட்டையே சுற்றி இருக்கும்படி செய்தபோது, எலி மறுபடி குடியேறாமல் அவை தடுத்தன.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பட்டினி கிடக்கும் பூனை உங்கள் களஞ்சியத்தில் காவல் இருக்காது. அடுத்த தெரு மீன்கடைக்குப் போகும், பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கும், சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடும். வேளை தவறாமல் தீனி கிடைக்கும் பூனை வீட்டை விட்டு அதிகம் விலகாது. வளர்ந்த பெருச்சாளியை எதிர்ப்பது பெரும்பாலான பூனைகளால் ஆகாது. சுண்டெலியும் எலிக்குஞ்சும்தான் அதன் வேட்டை. அதைச் செய்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும், கண் தெரிய வேண்டும்.

பூனை உடம்பு கேட்பது இறைச்சியை

நாய் நம்மோடு சேர்ந்து சோறும் களியும் தின்று ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பூனை அப்படியல்ல. அதன் உடல் இரையை நம்பியே அமைந்தது. காரணங்களைத் தெரிந்துகொண்டால் தீனி வைப்பது எளிதாகிவிடும்.

முதலாவது, புரதம். மற்றப் பிராணிகளுக்குப் புரதம் குறைவாகக் கிடைத்தால், உடம்பு அதைச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரல் அப்படிச் சிக்கனம் பிடிப்பதில்லை. தீனியில் புரதம் போதாவிட்டால் தன் தசையையே கரைக்கும். பால் சோறு தின்னும் பூனைக்கு வயிறு உப்பியும் முதுகும் தொடையும் வற்றியும் இருப்பதற்கு இது ஒரு காரணம். வளர்ந்த பூனையின் தீனியில், ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 26 சதவீதமும், குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30 சதவீதமும் புரதம் இருக்க வேண்டும் என்பது தீனி தயாரிப்பாளர்கள் பின்பற்றும் அளவு. 100 கிராம் சோற்றில் இருக்கும் புரதமோ 3 கிராமைத் தாண்டாது.

இரண்டாவது, வைட்டமின் 'ஏ'. கேரட், கீரையில் உள்ள மஞ்சள் சத்தை நம் உடல் வைட்டமின் 'ஏ'வாக மாற்றிக்கொள்ளும். பூனையால் முடியாது. முட்டை மஞ்சள் கரு, ஈரல், மீன் போன்றவற்றிலிருந்து நேராகக் கிடைத்தால்தான் உண்டு. சில கொழுப்புச் சத்துகளும் அப்படித்தான். தாவர எண்ணெயிலிருந்து பூனை அவற்றைத் தயாரித்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, டாரின் என்ற சத்து. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கண்ணையும் இதயத்தையும் காக்கும் டாரின்

டாரின் இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் ஒரு அமினோ அமிலம். அரிசி, பருப்பு, காய்கறியில் கிடையாது. பாலில் இருப்பது சொற்பம். நம் உடல் ஓரளவு இதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு செய்ய முடியாது.

1975ல் அமெரிக்காவில் கென்னத் ஹேய்ஸ் குழுவினர் ஒன்றைக் கண்டறிந்தனர். பாலிலிருந்து பிரித்த கேசின் என்ற புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்துபோயிருந்தது. டாரின் பற்றாக்குறையே காரணம். 1987ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் குழுவினர், இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் இதே பற்றாக்குறை காரணம் என்று காட்டினர். அந்தப் பூனைகள் தின்றது கடையில் வாங்கிய தீனி. டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகே நிறுவனங்கள் பூனைத் தீனியில் டாரின் அளவைக் கூட்டின.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இது: இதயம் தேறலாம், சிதைந்த விழித்திரை தேறாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பார்வை போகும். பழகிய வீட்டுக்குள் மீசையாலும் காதாலும் வழி கண்டுபிடித்துப் பூனை நடமாடுவதால் நமக்குத் தெரியவே தெரியாது. "எங்கள் பூனைக்கு வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் எலியைப் பார்த்தும் சும்மா இருக்கிறது" என்று சொல்லும்போது, அதன் கண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். மங்கலான வெளிச்சத்தில் பொருள்மீது முட்டுகிறதா, குதிக்கத் தயங்குகிறதா என்று பாருங்கள்.

டாரின் தண்ணீரில் கரையும். எனவே கறியையோ மீனையோ வேகவைத்தால், வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் தீனியில் சேர்த்துக் கொடுங்கள். கோழியில் நெஞ்சுக்கறியைவிடக் கால்கறியிலும் இருதயத்திலும் டாரின் அதிகம்.

பால் கெடுதலா?

பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது உண்மை. பாலின் இனிப்புக்காக அது குடிப்பதில்லை. இனிப்பை உணரும் மரபணு பூனைகளில் செயலற்றுப் போயிருக்கிறது என்று 2005ல் கண்டறிந்தார்கள். பாலில் உள்ள கொழுப்பும் மணமுமே அதை இழுக்கின்றன.

தாய்ப்பால் மறந்த பிறகு, பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். அதனால் கழிச்சல், வயிற்று உப்புசம் வரும். பழகிய பூனைக்கு நாளைக்கு ஒன்றிரண்டு கரண்டி பால் தருவதால் தொல்லை இல்லையென்றால் தரலாம். மோர் கலந்த சோறும் அப்படியே. ஆனால் அதுவே சாப்பாடு ஆகிவிடக் கூடாது. பால் குடித்து வயிறு நிறைந்த பூனை, தேவையான புரதத்தைத் தின்னாமல் போய்விடும். தண்ணீருக்குப் பதிலாகவும் பாலை வைக்கக் கூடாது.

குழம்புச் சோறும் கருவாடும்

மீந்த மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது நம் வழக்கம். இதில் இருக்கும் ஆபத்து வெங்காயமும் பூண்டும். இவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. பூனையின் உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரியும். 3 கிலோ பூனைக்கு 15 கிராம் என்றால், இரண்டு சின்ன வெங்காயம்தான். வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. ஒருநாள் போனால் தெரியாது. தினம் தினம் போனால் ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சோர்ந்து படுத்துவிடும்.

வழி எளிது. குழம்பு கூட்டுவதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியாக எடுத்து, உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்துவிடுங்கள்.

கருவாட்டில் உப்பு மிக அதிகம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வேகவைத்து, சிறிதளவு மட்டும் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த கருவாடு, கெட்டுப்போன மீன் ஆகியவற்றை "பூனைதானே" என்று போடக் கூடாது.

வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தும். சாக்லேட், திராட்சை, காபி, தேநீர் ஆகியவையும் ஆகாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பூனை சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது என்று நமக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதும்.

ஒன்றையே கொடுத்தாலும் கேடு

இறைச்சி நல்லது என்றதும் தினமும் ஒரே பொருளைப் போட்டால் அதுவும் நோயில் முடியும்.

கறி மட்டும்: எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். வளரும் குட்டிக்கு இதை மட்டும் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை இழுக்கும். குட்டி நடக்கத் தயங்கும், தூக்கினால் வலியில் கத்தும், லேசாகக் குதித்தாலே கால் எலும்பு முறியும். எலியை முழுதாகத் தின்னும் பூனைக்கு எலும்பும் சேர்ந்தே கிடைத்துவிடுவதால் இந்தக் குறை வருவதில்லை.

ஈரல் மட்டும்: ஈரலில் வைட்டமின் 'ஏ' மிகுதி. மாதக்கணக்கில் தினமும் ஈரல் தின்னும் பூனைக்குக் கழுத்து எலும்புகள் ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்ப முடியாது, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. வாரத்தில் ஒருநாள், ஒரு சிறு துண்டு போதும்.

மீன் மட்டும்: சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அதில் உள்ள ஒரு நொதி வைட்டமின் 'பி1'ஐ அழித்துவிடும். பூனை தள்ளாடும், தலை தொங்கும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மத்தி, சூரை போன்ற கொழுப்பு மிகுந்த மீனையே நாள்தோறும் கொடுத்தால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும் நோய் வரும். மீனை வாரம் இரண்டு மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பச்சை முட்டையும் வேண்டாம். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அவித்த முட்டை நல்லது.

ஒரு நாள் தீனி என்ன?

நம் ஊர்ப் பூனைகள் பெரும்பாலும் 3 முதல் 4 கிலோ எடை இருக்கும். இந்த எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி தேவை. எலி தின்றே வாழ்வதென்றால் எட்டு, பத்து சுண்டெலி பிடிக்க வேண்டும். எந்தக் களஞ்சியத்திலும் தினமும் அவ்வளவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எனவே நாம்தான் வைக்க வேண்டும்.

வீட்டிலேயே தயாரிக்க ஒரு கணக்கு:

எலும்பில்லாத கோழிக் கால்கறி, இருதயம் அல்லது மீன் – பச்சை எடையில் 120 கிராம்.

அவித்த முட்டை – பாதி.

குழைய வெந்த சோறு – இரண்டு மேசைக்கரண்டி.

நன்கு கழுவி, காயவைத்து, மாவாகப் பொடித்த முட்டை ஓடு – ஒரு சிட்டிகை. மொத்தமாகச் சமைத்தால் ஒரு கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி.

வேகவைத்த தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து, காலை ஒரு பங்கு, மாலை ஒரு பங்காகக் கொடுங்கள். கோழிக்கறிக் கடையில் இருதயமும் கழிவுக்கறியும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நெத்திலி போன்ற பொடிமீனை நன்றாக வேகவைத்தால் முள்ளும் மெத்தென்றாகிவிடும். அதை முழுதாக மசித்துக் கொடுத்தால் அன்றைக்கு முட்டை ஓடு தேவையில்லை. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைப் பூனைக்குப் போடாதீர்கள். அந்த அளவுகள் மாட்டுக்கானவை.

பச்சைக் கறி, பச்சைக் குடல் வேண்டாம். அவற்றின் வழியே கிருமிகளும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் வரும். பூனையின் சாணத்தில் வெளியேறும் அந்த ஒட்டுண்ணி, கருவுற்ற பெண்களின் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பூனைச் சாணத்தை மற்றவர்கள் அள்ளட்டும். எலி பிடிக்கும் பூனைக்குக் குடற்புழு சேர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு வைத்தாலும் அந்தப் புழு பங்கு கேட்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள்.

மேலே சொன்ன கணக்கு, வெளியே போய் ஒன்றிரண்டு எலியாவது தின்னும் பூனைக்குப் பொருந்தும். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு இது மட்டும் போதாது. சில வைட்டமின்கள் குறைந்துவிடும். அதற்கு, முழுச்சத்துத் தீனி என்று குறிப்பிட்டு விற்கப்படும் பூனைத் தீனியைச் சேர்க்க வேண்டும். சைவ வீடுகளுக்கும் இதுவே நல்ல வழி. சமையலறையில் கறி நுழையாது என்பதற்காகப் பூனையைப் பால் சோற்றிலேயே வைத்திருப்பது அதன் கண்ணைப் பணயம் வைப்பதாகும். நாய்க்கான தீனியைப் பூனைக்குப் போடக் கூடாது. அதில் பூனைக்கு வேண்டிய புரதமும் டாரினும் இருக்காது.

குட்டியும் சினைப் பூனையும்

பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள். பால் கொடுக்கும் காலத்தில் அதற்கு வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். அப்போது அளவு பார்க்காமல் நாளைக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். தாய்க்குக் கிடைக்காவிட்டால் பால் வற்றும், குட்டிகள் ஒவ்வொன்றாகப் போகும்.

தாயை இழந்த குட்டிக்குப் பசும்பால் மட்டும் கொடுத்தால் தேறாது. பூனைப் பாலில் புரதம் பசும்பாலைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறது. ஓரிரு நாள் சமாளிப்பதற்குப் பாலில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். குட்டியைக் குழந்தைபோல் மல்லாத்திப் பிடித்துப் புகட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும் நிலையிலேயே, குப்புற வைத்துப் புகட்ட வேண்டும்.

நான்கு வாரத்திலிருந்து மசித்த கறி, மீன், முட்டையைத் தொட்டு நக்கப் பழக்கலாம். எட்டு வாரத்தில் முழுத் தீனிக்கு வந்துவிடும். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை.

தண்ணீரை மறக்காதீர்கள்

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடம்பில் உள்ள ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் சமாளித்தவை. எலியின் உடலில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். கடையில் விற்கும் உலர் தீனியிலோ 10 சதவீதம்தான். அதை மட்டும் தின்று, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் பூனைக்குச் சிறுநீர் கெட்டியாகி, மணல்போல் படிகங்கள் சேரும். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது என்பதால் அடைத்துக்கொள்ளும்.

அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா, பின்பக்கத்தையே நக்கிக்கொண்டு முனகுகிறதா? மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். முழுதாக அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உலர் தீனி கொடுத்தால் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். வாயகன்ற மண்சட்டியில் இரண்டு இடங்களில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள்.

எலி மருந்தும் பூனையின் தீனிதான்

எலி தின்னும் பூனைக்கு எலியின் வயிற்றில் இருப்பதும் தீனியாகிவிடுகிறது. புரோமோடயலோன் போன்ற ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். பூனைக்கு அது சுலபமான இரை. அப்படி நாலைந்து எலியைத் தின்ற பூனைக்குச் சில நாள் கழித்து மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும், உள்ளுக்குள் ரத்தம் பெருகும், மூச்சுத் திணறும். ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியையோ கருவாட்டுத் துண்டையோ நேராகத் தின்றால் சில மணி நேரத்திலேயே ஆபத்து.

பூனை வளர்க்கும் வீட்டில் எலி மருந்தை விட்டு, எலிப்பொறி, கிட்டி ஆகியவற்றுக்கு மாறுங்கள். பொறியையும் பூனை கால் படாத இடத்தில் வையுங்கள். வயலில் மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால், வளைக்குள் வைத்து மூடுங்கள். செத்த எலிகளைக் காலையிலேயே பொறுக்கி ஆழப் புதையுங்கள். அந்த நாட்களில் பூனையை வீட்டுக்குள் அடைத்து, வயிறு நிறையத் தீனி வையுங்கள். பக்கத்து வயல்காரர் எப்போது மருந்து வைக்கிறார் என்பதையும் கேட்டுவையுங்கள்.

பூனை மருந்தைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். மருந்துப் பொட்டலத்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். ரத்தக்கசிவு மருந்துக்கு வைட்டமின் 'கே1' மாற்று மருந்தாக இருக்கிறது. சீக்கிரம் போனால் காப்பாற்றிவிடலாம்.

கண்ணால் பார்த்தே அறியலாம்

கிராமங்களுக்குப் போகும் கால்நடை ஆய்வாளர்களும் வேளாண் களப்பணியாளர்களும் மாட்டைப் பார்க்கும்போது பக்கத்தில் உள்ள பூனையையும் ஒரு பார்வை பார்க்கலாம். விவசாயிகளும் வாரம் ஒருமுறை இவற்றைக் கவனிக்கலாம்.

விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. முடி படிந்து பளபளக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ரத்தசோகை. சாணம் இளகிப் போகாமலும், காய்ந்து இறுகாமலும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பையில் வைத்துத் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். 3 கிலோ பூனை 300 கிராம் இழந்தால், அது பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம்.

நேர்மாறாகவும் நடக்கும். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு உலர் தீனியை எந்நேரமும் கொட்டி வைத்தால் கொழுத்து, சர்க்கரை நோய் வரும். கொழுத்த பூனை திடீரென்று சாப்பிடாமல் இருப்பது இன்னும் ஆபத்து. உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து, மஞ்சள்காமாலையாகிவிடும். எந்தப் பூனையும் இரண்டு நாள் தீனியைத் தொடாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

சோற்றுக்குப் பழகிய பூனையை ஒரே நாளில் மாற்ற முடியாது. முதல் நாள் சோற்றில் ஒரு கரண்டி மசித்த மீனோ கறியோ கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்தில் முடியின் பளபளப்பே பதில் சொல்லும்.

பூனை மனிதனோடு வாழத் தொடங்கியதே தானியத்தால்தான். மேற்கு ஆசியாவில் முதன்முதலாக விவசாயம் செய்தவர்கள் தானியத்தைச் சேமிக்க, அதைத் தேடி எலி வர, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரோடு சேர்த்துப் பூனையையும் புதைத்த சுமார் 9,500 ஆண்டு பழைய குழி ஒன்று கிடைத்திருக்கிறது. அத்தனை காலமாகக் களஞ்சியத்தைக் காத்து வரும் பிராணிக்கு நாளைக்கு ஒரு கைப்பிடிக் கறியும், அரை முட்டையும், ஒரு சட்டித் தண்ணீரும் பெரிய செலவல்ல. இன்று மாலை மீன் கழுவும்போது, மசாலா தடவுவதற்கு முன், அதன் பங்கைத் தனியாக எடுத்து வைப்பதிலிருந்து தொடங்குங்கள்.